தாமிரபரணி என்று ஒரு தீவு! - பழைய வரைபடங்களைத் தேடுகிறவர்களின் உலகம்

குலசேகரன்பட்டினம் கடற்கரையில் நின்று எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் இலங்கை தெரியாது. தண்ணீரும் வானமும்தான் தெரியும். ஆனால், அந்தத் தீவு இல்லாமல் இந்த ஊரின் கதையைச் சொல்லவே முடியாது. “எங்க தாத்தா கொழும்புல கடை வச்சிருந்தாவ” என்ற பேச்சை உடன்குடி, திருச்செந்தூர், குலசை பக்கம் இன்றும் கேட்கலாம். ஒரு காலத்தில் குலசையே ஒரு துறைமுகம். இங்கிருந்து தோணிகள் இலங்கைக்குப் போய் வந்தன.

தசரா என்றால் முத்தாரம்மன் கோயிலும், வேடமிட்டு வரும் லட்சக்கணக்கான பக்தர்களும் நினைவுக்கு வருவார்கள். ராக்கெட் என்றால் இஸ்ரோவின் புதிய ஏவுதளம். இந்த இரண்டுக்கும் நடுவே குலசைக்கு இன்னொரு முகம் இருக்கிறது. அது ஐரோப்பாவின் பழைய காகிதங்களில் இருக்கிறது. தபால்தலை, நாணயம் சேகரிக்கிறவர்களைப் போல, வெப்பமண்டலத் தீவுகளின் பழைய வரைபடங்களைச் சேகரிக்கிறவர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள். ஜாவா, சுமத்ரா, மடகாஸ்கர், மாலத்தீவு என்று அவர்கள் தேடுகிற பட்டியலில் இலங்கைக்குத் தனி இடம் உண்டு. அந்த வரைபடங்களில் தீவின் மேற்கே, ஓரமாக, ஒரு துண்டு கரை தெரியும். அதுதான் நம்ம கரை.

ஆற்றின் பெயரும் தீவின் பெயரும்

கிரேக்கர்கள் இலங்கையை ‘தப்ரோபனே’ என்று அழைத்தார்கள். சந்திரகுப்த மௌரியரின் அவைக்குத் தூதராக வந்த மெகஸ்தனிஸ் காலத்திலேயே இந்தப் பெயர் அவர்களுக்குத் தெரியும். அசோகரின் பாறைக் கல்வெட்டுகளில் சோழர், பாண்டியரோடு ‘தம்பபண்ணி’யும் வருகிறது. தம்பபண்ணி, தாம்ரபர்ணி, தப்ரோபனே... சொல்லிப் பார்த்தாலே புரியும். பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலில் கலக்கிற நம்ம தாமிரபரணியின் பெயர்தான் அது. ஆற்றின் பெயர் தீவுக்குப் போனதா, தீவின் பெயர் ஆற்றுக்கு வந்ததா என்று அறிஞர்கள் இன்னும் விவாதித்துக்கொண்டிருக்கிறார்கள். எது முதலில் என்றாலும், கரைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே பெயரைச் சொல்லிக்கொண்டிருந்த காலம் ஒன்று இருந்தது என்பதில் சந்தேகமில்லை.

ஏறத்தாழ கி.பி. 150-ல் எகிப்தின் அலெக்சாண்டிரியாவில் இருந்த தாலமி உலகத்தின் ஊர்களை அட்சரேகை, தீர்க்கரேகையோடு பட்டியல் போட்டார். அதில் ‘கோல்கோய்’ என்று வருவது கொற்கை. முத்துக்குளிக்கும் இடம் என்ற குறிப்பும் உண்டு. மன்னார் வளைகுடாவுக்கே அவர் கொற்கையின் பெயரைத்தான் வைத்தார். ‘கொமரியா’ என்பது குமரி. ‘சோலேன்’ என்ற ஆறு தாமிரபரணி என்று பலரும் கருதுகிறார்கள்.

இதையெல்லாம் ஓரளவு சரியாகச் சொன்ன தாலமி, ஒரு விஷயத்தில் பெரிதாகக் கோட்டைவிட்டார். இலங்கையை அதன் உண்மையான அளவைவிடப் பத்து மடங்குக்கும் மேல் பெரிதாக்கிவிட்டார். இந்தியாவோ சுருங்கிப்போனது. நேரில் வராமல், வியாபாரிகள் சொன்னதைக் கேட்டு வரைந்தால் அப்படித்தான் ஆகும். முத்து, யானை, ரத்தினம் என்று எங்கே சரக்கு அதிகமோ, அந்த இடம் சொல்கிறவர் வாயிலும் பெரிதாகிவிடும்.

ஆச்சரியம் என்னவென்றால், அந்தத் தப்பு 1,300 ஆண்டுகளுக்குப் பிறகும் சாகவில்லை. ஐரோப்பாவில் அச்சு இயந்திரம் வந்ததும் தாலமியின் நூல் வரைபடங்களோடு அச்சானது. 1477-ல் இத்தாலியின் பொலோனியாவிலும், 1482-ல் ஜெர்மனியின் உல்ம் நகரிலும் வந்த பதிப்புகள் பெயர் பெற்றவை. 1540-ல் செபாஸ்டியன் முன்ஸ்டர், சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் வெளியிட்ட தப்ரோபனே வரைபடத்தில் ஓரத்தில் ஒரு யானை நிற்கும். இன்று சேகரிப்பாளர்கள் அந்த யானைக்காகவே அந்தக் காகிதத்தைத் தேடுகிறார்கள்.

இதிலும் ஒரு வேடிக்கை. அதே முன்ஸ்டர் தன் காலத்து ஆசியாவைத் தனியாக வரைந்தபோது, தப்ரோபனே என்ற பெயரை சுமத்ராவுக்குக் கொடுத்துவிட்டார். அவருக்கு முன்னால் இந்தப் பக்கம் பயணம் வந்த இத்தாலியர் நிக்கோலோ கோன்டியும் அப்படித்தான் நினைத்தார். நம்ம ஆற்றின் பெயர் இந்தோனேசியா வரைக்கும் போய் உட்கார்ந்திருந்த காலம் அது!

முத்துக்காக வந்த பேனா

போர்ச்சுக்கீசியர்கள் வந்த பிறகு வரைபடம் மாற ஆரம்பித்தது. தூத்துக்குடி முதல் குமரி வரை உள்ள கரைக்கு அவர்கள் வைத்த பெயர் ‘மீன்பிடிக் கரை’. அவர்கள் பிடிக்க நினைத்த ‘மீன்’ முத்துச்சிப்பி. 1542-ல் பிரான்சிஸ் சவேரியார் வந்து தங்கிய மணப்பாடு, குலசைக்குத் தெற்கே சில கிலோமீட்டரில்தான் இருக்கிறது. கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மணப்பாட்டு முனை, கப்பல்காரர்களுக்கு நல்ல அடையாளம்.

1606-ல் ஆம்ஸ்டர்டாமில் யோடோகஸ் ஹோண்டியஸ் வெளியிட்ட அட்லஸில் இலங்கைக்கு ஒரு தனிப் பக்கம் கிடைத்தது. பிறகு 1658-ல் டச்சுக்காரர்கள் தூத்துக்குடியையும் யாழ்ப்பாணத்தையும் போர்ச்சுக்கீசியரிடமிருந்து பிடித்தார்கள். யாழ்ப்பாணத்தில் பாதிரியாராக இருந்த பிலிப்பஸ் பால்டேயஸ் 1672-ல் ஆம்ஸ்டர்டாமில் ஒரு பெரிய புத்தகம் போட்டார். மலபார், சோழமண்டலக் கரைகள், இலங்கை மூன்றையும் பற்றியது. செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்ட வரைபடங்களும் ஊர்க் காட்சிகளும் நிறைய. தூத்துக்குடிக்கும் அதில் ஒரு படம் உண்டு. தமிழ் எழுத்துகளைக்கூட அச்சிட்டுக் காட்டியிருக்கிறார்.

இன்னொருவர் கதை இன்னும் சுவாரஸ்யம். ராபர்ட் நாக்ஸ் என்ற ஆங்கிலேய இளைஞர் 1660-ல் திருகோணமலைப் பக்கம் கரை இறங்கி, கண்டி அரசரின் ஆட்களிடம் சிக்கிக்கொண்டார். ஏறத்தாழ 20 ஆண்டுகள் ஊரைவிட்டுப் போக முடியவில்லை. 1679-ல் தப்பித்து, 1681-ல் லண்டனில் புத்தகம் எழுதினார். அதில் கண்டி நாட்டின் வரைபடம் ஒன்று இருக்கிறது. அதுவரை வந்த வரைபடங்கள் தீவைக் கப்பலிலிருந்து பார்த்தன. நாக்ஸ் புத்தகம் உள்ளேயிருந்து பார்த்தது.

இந்தப் படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் பளிச்சென்று தெரியும். துறைமுகம் இருக்கும். கப்பல் நங்கூரம் போடும் ஆழம் இருக்கும். கோட்டை, தேவாலயம் இருக்கும். மூச்சைப் பிடித்துக்கொண்டு அடியில் இறங்கி முத்துச்சிப்பி அள்ளியவரின் ஊரும் தெருவும் இருக்காது. யாருக்கு எது வேண்டுமோ அதைத்தான் பேனா வரையும். பழைய வரைபடத்தை அழகுக்காக மட்டும் மாட்டி வைக்கிறவர் பாதியைத்தான் பார்க்கிறார். அதில் காலியாக இருக்கும் இடத்தையும் படிக்கத் தெரிந்தவர்தான் முழுச் சேகரிப்பாளர்.

அசலா, நகலா?

இணையத்தில் ‘ஆன்டிக் மேப்’ என்று தேடினால் ஆயிரம் கடைகள் வந்து நிற்கும். ஏமாறாமல் இருக்கச் சில எளிய சோதனைகள் உண்டு.

பழைய செப்புத் தகட்டு அச்சில், தாளைத் தகட்டோடு சேர்த்து உருளையில் அழுத்துவார்கள். அதனால் படத்தைச் சுற்றி லேசான ஒரு பள்ளக்கோடு விழுந்திருக்கும். விரலால் தடவினால் தெரியும். நகலில் பெரும்பாலும் அது இருக்காது.

தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். 18-ம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை கம்பிச் சல்லடையில் கையால் வார்த்த தாள்தான். அதனால் நெருக்கமான கோடுகள் தாளுக்குள் தெரியும்.

பூதக்கண்ணாடியை வைத்துப் பாருங்கள். கோடுகள் முழுக் கோடாக இருந்தால் நல்லது. சின்னச் சின்ன வண்ணப் புள்ளிகளாகத் தெரிந்தால் அது இந்தக் காலத்து அச்சு. செய்தித்தாள் படம் மாதிரிதான்.

பல வரைபடங்கள் புத்தகத்தில் கட்டப்பட்டு இருந்தவை. அதனால் நடுவில் ஒரு மடிப்பு இருக்கும். பின்பக்கத்தில் லத்தீனிலோ, டச்சிலோ, பிரெஞ்சிலோ எழுத்து இருந்தால் பயப்பட வேண்டாம். அதைவைத்துத்தான் எந்த ஆண்டுப் பதிப்பு என்றே கண்டுபிடிப்பார்கள்.

விலை? முன்ஸ்டரின் யானைப் படம் போன்றவை பெரிய தொகை கேட்கும். பிரெஞ்சுக் கடற்படைக்கு வரைபடம் தயாரித்த ஜாக் நிக்கோலா பெலின், 18-ம் நூற்றாண்டில் பயண நூல்களுக்காக வரைந்த சிறிய அளவுப் படங்கள் நடுத்தரக் குடும்பத்துக்கும் எட்டக்கூடியவை. ஆரம்பிக்கிறவர்கள் அங்கேயிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள்.

வாங்கியதைக் காப்பாற்றுவதுதான் பெரிய வேலை. அதிலும் கடலோர ஊர் என்றால் உப்புக் காற்று, ஈரம், கரையான், ராமபாணப் பூச்சி என்று எதிரிகள் அதிகம். லேமினேஷன் கூடவே கூடாது. செல்லோ டேப் ஒட்டக் கூடாது. வெயில் படும் சுவரில் மாட்டக் கூடாது. அமிலம் இல்லாத தாளுக்கு நடுவில், மடிக்காமல், தட்டையாக வைக்க வேண்டும். அடிக்கடி எடுத்துப் பார்க்க வேண்டும். பீரோவில் பூட்டிவிட்டு மறந்துபோன காகிதத்தைப் பூச்சி மறப்பதில்லை.

கிழிந்த புத்தகங்களின் சோகம்

இந்தப் பொழுதுபோக்குக்கு ஓர் இருண்ட பக்கமும் இருக்கிறது. முழு அட்லஸாக விற்பதைவிட, ஒவ்வொரு படமாகப் பிரித்து விற்றால் லாபம் அதிகம். அதனால் நூற்றுக்கணக்கான ஆண்டுகள் பிழைத்து வந்த புத்தகங்கள் வியாபாரிகள் கையில் துண்டு துண்டாகியிருக்கின்றன. ‘ஒரே ஒரு படம்’ என்று சுவரில் தொங்குவதற்குப் பின்னால், கட்டு அவிழ்ந்த ஒரு புத்தகம் இருக்கிறது.

அதைவிட மோசம் திருட்டு. அமெரிக்காவில் ஃபோர்ப்ஸ் ஸ்மைலி என்ற பெயர்பெற்ற வரைபட வியாபாரி இருந்தார். 2005-ல் யேல் பல்கலைக்கழக நூலகத்தில் தரையில் கிடந்த ஒரு சின்னக் கத்தி பிளேடு அவரைக் காட்டிக்கொடுத்தது. பல நூலகங்களிலிருந்து 97 வரைபடங்களைத் திருடியதை அவர் ஒப்புக்கொண்டார். 2006-ல் மூன்றரை ஆண்டு சிறைத்தண்டனை கிடைத்தது. நூலகர்கள் அவரை நம்பித்தான் அந்தப் புத்தகங்களைக் கையில் கொடுத்திருந்தார்கள்.

அதனால் நல்ல சேகரிப்பாளர் விலையைக் கேட்பதற்கு முன்னால் ‘இது எங்கேயிருந்து வந்தது?’ என்று கேட்கிறார். நூலக முத்திரையைச் சுரண்டிய தடம் இருந்தால் தொடுவதில்லை. நம் நாட்டிலும், நூறு ஆண்டு கடந்த கலைப்பொருட்களை உரிய அனுமதி இல்லாமல் வெளிநாட்டுக்கு அனுப்புவதை 1972-ம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் தடுக்கிறது.

நல்ல உதாரணங்களும் உண்டு. இந்தியாவின் பழைய வரைபடங்களைத் தேடித் தொகுத்து, 1970-களிலிருந்து புத்தகங்களாக எழுதியவர் சூசன் கோல். ஹைதராபாத்தைச் சேர்ந்த கலாகிருதி ஆவணக்காப்பகம் தன் சேகரிப்பை 2015-ல் டெல்லி தேசிய அருங்காட்சியகத்தில் மக்கள் பார்வைக்கு வைத்தது. பூட்டிவைத்த காகிதம் சொத்து. பத்துப் பேர் பார்த்த காகிதம்தான் வரலாறு.

ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காமல் பார்க்கவும் வழி இருக்கிறது. டேவிட் ரம்சே சேகரிப்பு, அமெரிக்க நாடாளுமன்ற நூலகம், பிரான்ஸ் தேசிய நூலகத்தின் ‘கலிக்கா’, நெதர்லாந்து தேசிய ஆவணக்காப்பகம் எல்லாம் தங்கள் வரைபடங்களை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கின்றன. மொபைலிலேயே விரலால் பெரிதாக்கி, ‘டுட்டுகோரின்’ எங்கே என்று பேரப்பிள்ளையோடு சேர்ந்து தேடலாம். ஊர்ப் பெயர்களை ஐரோப்பியர்கள் படுத்திய பாட்டைப் பார்த்துச் சிரிக்கவும் செய்யலாம்.

தீவு தடுத்த ராக்கெட்

வரைபடம் என்பது பழைய கதை மட்டும் என்று நினைத்தால், குலசை அதை மறுக்கும். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து துருவப் பாதைக்கு ஏவப்படும் ராக்கெட் நேராகத் தெற்கே போக முடியாது. வழியில் இலங்கை இருக்கிறது. மக்கள் வாழும் நிலத்தின் மேல் பறக்காமல் இருக்க, வளைந்து சுற்றிப் போக வேண்டும். அதற்கு எரிபொருள் வீணாகும். சிறிய ராக்கெட்டுகளுக்கு அது பெரிய இழப்பு. குலசையிலிருந்து தெற்கே பார்த்தால் வெறும் இந்தியப் பெருங்கடல். அதனால்தான் 2,200 ஏக்கருக்கும் அதிகமான பரப்பில் எஸ்.எஸ்.எல்.வி. ராக்கெட்டுகளுக்கான ஏவுதளம் இங்கே வருகிறது. 2024 பிப்ரவரி 28-ல் அடிக்கல் நாட்டப்பட்டது.

தாலமி வரைந்த அளவுக்கு இலங்கை பெரிதாக இருந்திருந்தால், குலசைக்கு இந்த வாய்ப்பே வந்திருக்காது! ஒரு தீவின் உண்மையான அளவு தெரிவது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டுமா?

கடலில் கோடு போடுவதும் அப்படித்தான். 1974-ல் இந்தியாவும் இலங்கையும் செய்த ஒப்பந்தத்தில் 285 ஏக்கர் கச்சத்தீவு கோட்டுக்கு அந்தப் பக்கம் போனது. 1976-ல் மன்னார் வளைகுடாவிலும் எல்லைக்கோடு வந்தது. மேஜையில் விரித்த தாளில் விழுந்த கோடு அது. அதன் விளைவை இன்றுவரை அனுபவிப்பது படகில் போகிறவர்கள். நாளை ராக்கெட் ஏவும் நாட்களிலும், கடலில் எதுவரை போகலாம் என்று ஒரு கோடுதான் சொல்லப்போகிறது. வரைபடத்தில் யார் பேனா பிடிக்கிறார்கள் என்ற கேள்வி மீனவர் வீட்டுக்கு ஒருநாளும் பழசாவதில்லை.

காணாமல்போன இரண்டு தீவுகள்

இலங்கையைத் தேடும் கண்கள் நம் பக்கத்துச் சின்னத் தீவுகளைத் தவறவிட்டுவிடும். தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையே 21 பவளத் தீவுகள். 1986-ல் மன்னார் வளைகுடா தேசியக் கடல் பூங்கா என்று அறிவிக்கப்பட்டது. தூத்துக்குடிப் பக்கம் வான்தீவு, காசுவார், காரியசல்லி, விலங்குசல்லி என்று நான்கு.

இதில் விலங்குசல்லி இன்று தண்ணீருக்கு மேல் இல்லை. கீழக்கரைப் பக்கம் இருந்த பூவரசன்பட்டியும் இல்லை. சுண்ணாம்புக்காகவும் கட்டடத்துக்காகவும் பவளப்பாறையைப் பல ஆண்டுகள் வெட்டி எடுத்தார்கள். அலையைத் தடுத்த அரண் போனதும், அலை தீவையே அரித்துவிட்டது. 2001-ல் பவளங்களுக்குச் சட்டத்தின் உச்சபட்சப் பாதுகாப்பு கிடைத்தது. அந்தத் தீவுகளுக்கு அது தாமதம். 1960-களின் இறுதியில் சுமார் 20 ஹெக்டேர் இருந்த வான்தீவு, 2015 வாக்கில் சுமார் 2 ஹெக்டேராகச் சுருங்கியது. அதைக் காப்பாற்றக் கடலுக்கு அடியில் செயற்கைப் பாறைகளை இறக்கினார்கள்.

ஆக, மன்னார் வளைகுடாவின் ‘பழைய’ வரைபடம் என்பதற்கு 300 வயது ஆக வேண்டியதில்லை. 50, 60 ஆண்டுக்கு முந்தைய கடல் படத்திலேயே, இன்று இல்லாத தீவுகளைப் பார்க்கலாம். பழைய பள்ளிக்கூட அட்லஸ், துறைமுக அலுவலகம் கழித்துப் போட்ட படம், தோணிக்காரர் வீட்டுப் பரணில் சுருட்டி வைத்த கடல் படம்... காயலான் கடைக்குப் போவதற்கு முன்னால் ஒருமுறை விரித்துப் பாருங்கள்.

காகிதத்திலேயே ஏறாத வரைபடம் ஒன்றும் இருக்கிறது. கடலுக்கு அடியில் முத்துச்சிப்பி விளையும் பாறைத்திட்டுகளை நம் மக்கள் ‘பார்’ என்பார்கள். தூத்துக்குடிக் கடலில் உள்ள ‘தொள்ளாயிரம் பார்’ அப்படி ஒன்று. தூத்துக்குடியில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல். ஆங்கிலேய அதிகாரிகள் இந்தப் பார்களைக் குறித்தபோது, தமிழ்ப் பெயர்களையே எழுதிக்கொள்ள வேண்டியிருந்தது. காரணம், அவை எங்கே இருக்கின்றன என்று அறிந்தவர்கள் இங்கே இருந்தவர்கள்தான். கரையில் ஒரு கோயில் கோபுரம், அதன் பின்னால் ஒரு தேரி, இன்னொரு பக்கம் மணப்பாடு கலங்கரை விளக்கம் என்று நேர்க்கோடு பிடித்து, நடுக்கடலில் இடம் சொல்கிற பெரியவர்கள் இருக்கிறார்கள். ஜி.பி.எஸ். வந்த பிறகு அந்தக் கணக்கைப் பிள்ளைகள் கேட்பது குறைந்துவிட்டது.

முன்ஸ்டரின் யானை பத்திரமாக இருக்கிறது. உலகத்தின் பெரிய நூலகங்கள் அதைப் பார்த்துக்கொள்ளும். ஆனால், இந்தப் பெரியவர்களின் மனதில் இருக்கும் கடலுக்கு வேறு பிரதி கிடையாது. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது, வீட்டில் கடலுக்குப் போன தாத்தாவோ, பெரியப்பாவோ இருந்தால், ஒரு வெள்ளைத் தாளையும் பென்சிலையும் அவர் கையில் கொடுங்கள். எந்தப் பார் எங்கே, அதற்கு என்ன பெயர் என்று கேளுங்கள். கோடு கோணலாக வரட்டும், பரவாயில்லை. தாலமியின் கோடுகூடக் கோணல்தான்!